வாப்பா சேர்த்த பொயின்டுகள்

மகன், உனக்கு என் ஸலாம். நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதித் தொடங்குவதுதான் வழக்கம். அதைத்தான் நீ நாள் தவறாமல் போனில் கேட்டுவிடுகிறாயே. ‘சாப்பிட்டீங்களா, மருந்து எடுத்தீங்களா, அங்க மழையா’ என்று நீ கேட்பாய். நான் ஓம் ஓம் என்று சொல்வேன். பிறகு போனை வைத்துவிடுவோம். போனில் சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன். வேறு யாரும் இதை வாசித்தாலும் எனக்குக் குறையில்லை. சாய்ந்தமருதில் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இருக்கிற எந்த வீட்டுக்கும் இந்தக் கதை புதிதல்ல.

போன கிழமை உன் தங்கச்சி சிபானா ஒரு விஷயம் சொன்னாள். விமானத்தில் பறந்து பறந்து நீ சேர்த்த, டிக்கட்டாக மாற்றக்கூடிய பொயின்டுகளுக்குக் காலம் முடியப்போகிறதாம். கம்பனிக்காரன் அறிவித்தல் அனுப்பிக்கொண்டே இருக்கிறானாம். நீ திறந்தும் பார்ப்பதில்லையாம். அவள் ஞாபகப்படுத்தினதற்கு நீ சொன்ன பதிலையும் எனக்கு அப்படியே சொன்னாள். ‘அந்தப் பொயின்டுக்கு ஆசப்பட்டுத்தான் நான் வாப்பாட முகத்தக் காணாமப் போன. அது அழிஞ்சி போகட்டும்.’ அஸர் தொழுதுவிட்டு எழும்பப்போன நான் தொழுத கதிரையிலேயே இருந்துவிட்டேன். வாப்பா மௌத்தாகி மூன்று வருஷம் ஆகப்போகிறது. நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த கையோடு போனவன், பிறகு ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை. லீவு இல்லை, பிள்ளை சின்னவன், நஸ்ரினுக்கு உடம்பு சரியில்லை என்று நீ சொன்ன காரணங்களையெல்லாம் நான் நம்பினேன். இப்படி ஒன்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு அங்கே நீ நாளைக் கழிக்கிறாய் என்று எனக்குத் தெரியாது மகன்.

வாப்பா ஏன் பொயின்ட் சேர்க்கத் தொடங்கினார் என்று நீ அவரிடம் கேட்டிருக்கிறாயா? கேட்டாலும் சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போயிருப்பார். சுனாமிக் கடல் வந்த வருஷத்துக்கு வெகுகாலம் முந்தி, அவர் தோஹாவில் ஒரு ஹோட்டலில் ஸ்டோர் கீப்பராக இருந்தபோது, இங்கே அவருடைய வாப்பாவுக்கு நோய் கடுமையாகிவிட்டது. செய்தி போனதும் அறையில் கூட இருந்தவர்களிடமெல்லாம் கைமாற்று வாங்கி, அன்றைக்கே கிடைத்த டிக்கட்டைச் சொன்ன விலைக்கு எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். கட்டுநாயக்கவில் இறங்கி, கிடைத்த பஸ்ஸிலெல்லாம் மாறி மாறி ஏறி வந்து, கல்முனையில் இறங்கும்போது தெரிந்தவர் ஒருவர் சைக்கிளை நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டாராம். அப்போதே விளங்கிவிட்டது என்று சொன்னார். அடக்கி முடிந்திருந்தது. அந்தக் கைமாற்றை அடைக்க அவர் இரண்டு நோன்புப் பெருநாளுக்கு வீட்டுக்கு வரவில்லை. நீ அப்போது என் வயிற்றில். நீ பிறந்ததைப் போட்டோவில்தான் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் ஹோட்டலில் வேலை செய்த ஒரு மலையாளி அவருக்கு, பறக்கிற ஒவ்வொரு தடவையும் பொயின்ட் ஏறுகிற விமானக் கம்பனிக் கார்ட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ‘இத்தின வருஷம் பறந்திரிக்கீங்க, ஒரு பறப்புக்கும் கணக்கில்ல, எல்லாம் காத்தோட போச்சே’ என்று அந்த மனுசன் கவலைப்பட்டாராம். அன்றிலிருந்து வாப்பா போர்டிங் பாஸைக் கிழித்தெறிந்தது கிடையாது. பறந்தது கணக்கில் ஏறாவிட்டால் அந்தத் துண்டைக் காட்டித்தான் கேட்க வேண்டும் என்பார். பொயின்ட் கொஞ்சம் சேர்ந்ததும் தனக்கென்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு ஒரு வழி போய்ச்சேரத் தேவையான அளவை எந்த நேரமும் தொடாமல் வைத்திருக்க வேண்டும். அதற்கு மேலே இருப்பதைத்தான் செலவழிக்கலாம். ‘இது உல்லாசப் பயணத்துக்கில்ல புள்ள’ என்று என்னிடம் சொன்னார். ‘இன்னொரு தரம் ஆக்கள்ட கையப் பாத்து நிக்காம, ஊருக்கு வாறதுக்கு.’ நீ மெல்பேர்ன் போகும்போது உனக்கும் அதையேதான் சொன்னார். நீயும் அப்படியே வைத்திருந்தாய். ஆசைப்பட்டதாகச் சொல்கிறாயே, அது ஆசையில் சேர்த்ததல்ல மகன். உன் வாப்பா பட்ட பாட்டில் சேர்த்தது.

நீ சின்னவனாக இருக்கும்போது அவர் லீவில் வந்தால், நீங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு சீட் தேடுவீர்கள். வைத்த சோறும் ஆணமும் ஆறிப்போகும். நான் சத்தம் போடுவேன். இருந்தாலும் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். அவர் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். பொயின்டைக் கொடுத்தால் டிக்கட் சும்மா வருகிறது என்று நினைக்கக் கூடாது. வரியைக் காசாகத்தான் கட்ட வேண்டும். சில கம்பனிக்காரன் எரிபொருள் கட்டணம் என்று இன்னொன்றையும் தலையில் போடுவான், அதைக் கூட்டிப் பார்த்தால் காசுக்கே எடுத்திருக்கலாம் என்று வரும். அதனால் காசு விலையில் இந்த வரியைக் கழித்துவிட்டு, மிச்சம் எத்தனை பொயின்டுக்குச் சமம் என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். கொழும்பிலிருந்து சென்னைக்குப் போகிற மாதிரிக் கிட்டப் பயணங்களுக்கு, மலிவாக டிக்கட் கிடைக்கிற காலத்தில் பொயின்டைப் போடுவது வீண். தூரப் பயணத்துக்கும், விலை ஏறிக் கிடக்கிற விடுமுறைக் காலத்துக்கும்தான் அது பெறுமதி. அவருடைய மச்சான் றியாஸ், பத்து வருஷம் ஜித்தாவில் வேலை செய்து, போக வரப் பறந்து சேர்த்ததையெல்லாம் கொடுத்து ஒரு சூட்கேஸ் சோடி வாங்கிக்கொண்டு வந்தார். வாப்பா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ‘மச்சான், இதுக்குள்ள நீங்க வீட்டாக்கள உம்ராவுக்குக் கூட்டிப் போயிரிக்கலாம்’ என்று சொன்னார். றியாஸ் மாமா அந்த வருஷம் முழுக்க நம் வீட்டுக்கு வரவில்லை.

நாங்கள் மக்காவுக்கு உம்ரா செய்யப் போனதும் அந்தப் பொயின்டில்தானே. நீ அப்போது பள்ளிக்கூடத்தில் ஏழாம் ஆண்டு. நாலு பேருக்கும் சேர்த்துத் தேடினால் சீட் இல்லை, சீட் இல்லை என்றே காட்டியது. நீதான், ‘வாப்பா, ரெண்டு ரெண்டு பேராத் தேடிப் பாப்பமா?’ என்று கேட்டாய். அப்படித் தேடியதும் கிடைத்துவிட்டது. நீயும் வாப்பாவும் முதல் நாள், நானும் சிபானாவும் மறுநாள். மக்காப் பள்ளிவாசலின் மினாரா தெரிகிற இடத்தில் வாப்பா உன் தோளில் கை போட்டுக்கொண்டு, ‘உங்கட மகன்தான் உங்களக் கொண்டுவந்து சேத்த’ என்று என்னிடம் சொன்னார். நீ வெட்கப்பட்டுக்கொண்டு மற்றப் பக்கம் பார்த்தாய்.

பிறகு நீ நஸ்ரினைக் கல்யாணம் முடித்து மருதமுனையில் மாப்பிள்ளையாகிப் போனாய். அங்கிருந்து மெல்பேர்ன். விசா வந்த அன்றே, சாமான் கட்டுவதற்கு முந்தி, உன்னையும் நஸ்ரினையும் கணினிக்கு முன்னால் இருத்தி இரண்டு பேருக்கும் கணக்குத் திறந்தார். உன் பாஸ்போட்டில் முஹம்மது என்பதற்கு ஒரு எழுத்து, கணக்கில் வேறொரு எழுத்து என்று வந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார். வங்கிக் கார்ட்டில் சேர்கிற பொயின்டை, சீட் இருக்கிறதைக் கண்ணால் காணாமல் விமானக் கம்பனிக்கு மாற்றாதே, மாற்றினால் திரும்பி வராது என்று சொன்னார். நிறையச் சேரட்டும் என்று பூட்டி வைக்காதே, கம்பனிக்காரன் நினைத்த நேரம் அதே டிக்கட்டுக்குக் கூடுதல் பொயின்ட் கேட்பான், உன் கையில் இருப்பது ஒரே நாளில் சுருங்கிப்போகும் என்றும் சொன்னார். நீ ஓம் வாப்பா, ஓம் வாப்பா என்று கேட்டுக்கொண்டிருந்தாய். மற்ற வாப்பாமார் பிள்ளை போகும்போது கட்டிப்பிடித்து அழுதார்கள். இவர் அழுதது இப்படிக் கணக்குச் சொல்லிக் கொடுத்துத்தான் என்று நான் நினைத்தேன்.

இனி அந்த நாலு நாளைப் பற்றிச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்தது போனில் கேட்டது மட்டும்தான். நான் பக்கத்தில் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசல் படியில் இருந்துவிட்டார். சிபானாவின் மாப்பிள்ளை நஸீர்தான் வாகனம் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். புதன்கிழமை காலையில் வலி குறைந்து தெளிவாக இருந்தார். டொக்டர், இப்போதைக்கு நெஞ்சு அமைதியாக இருக்கிறது, கொஞ்சம் தேறினதும் மட்டக்களப்புக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டும், இந்த நெஞ்சு வருத்தத்தில் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது என்று சொன்னார். உனக்கு சிபானா அதைத்தான் சொன்னாள். அதை விட மேலான ஒரு செய்தி எங்களிடமும் இருக்கவில்லை. நாங்கள் எதையாவது மறைத்தோம் என்றோ, நீ எதையாவது விளங்காமல் விட்டாய் என்றோ நினைக்காதே.

அன்றைக்கு நீ அழைத்தபோது நான்தான் போனை அவர் காதருகில் பிடித்திருந்தேன். ‘வாப்பா, நான் காசுக்கே டிக்கட் போட்டுட்டு வாறன்’ என்றாய். அவர் என்ன சொன்னார் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருக்கிறது.

‘விசர் வேல பாக்காத மகன். பள்ளிக்கூட லீவு காலம், ஆன வில குதுர வில சொல்லுவான். நஸ்ரின் வயித்தோட இரிக்கா, கைக்குள்ள காசு வேணும் உனக்கு. நான் நல்லாத்தான் இரிக்கன். கண்ணாடிய எடு புள்ள.’

கண்ணாடியைப் போட்டதும் தலையணையை முதுகுக்கு வைக்கச் சொன்னார். எழும்பி இருந்துகொண்டார். உனக்குச் சொல்லத் தொடங்கினார். போக வரச் சேர்த்துத் தேடாதே, வருவதை மட்டும் தேடு. ஒரு கம்பனியின் இணையப் பக்கத்தில் இல்லையென்றால் அதன் கூட்டாளிக் கம்பனியின் பக்கத்தில் பார். சிங்கப்பூர் வரைக்கும் ஒன்று, அங்கிருந்து வேறொன்று என்று இரண்டு தனி டிக்கட் எடுக்காதே, முதலாவது பிந்தினால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பில்லை, நடுவழியில் நிற்பாய். புறப்படுகிற நாள் கிட்டே வரும்போது விற்காத சீட்டைப் பொயின்டுக்குத் திறந்துவிடுவார்கள், வியாழன் பார். தாதிப் பிள்ளை வந்து, ‘ஐயா, இப்பிடி எழும்பி இருக்கக் கூடாது’ என்று ஏசினாள். அவர் அந்தப் பிள்ளையைப் பார்த்து, ‘மகனுக்கு சீட் பாக்கிறம் தங்கச்சி, கொஞ்சம் பொறுங்க’ என்றார். போனை வைத்த பிறகு என் பக்கம் திரும்பி, ‘நான் சொல்லிக் குடுத்தது ஒண்டையும் இவன் மறக்கல்ல’ என்றார். அந்த முகத்தில் இருந்த வெளிச்சத்தை உனக்கு எழுத என்னால் முடியவில்லை. கல்யாணம் முடித்து நாங்கள் வாழ்ந்த காலத்தில் அப்படி அவரை நான் கண்டது கொஞ்ச நாள்தான்.

வியாழன் பகல் நீ போன் எடுத்தாய். சீட் திறந்துவிட்டது, வெள்ளி காலையில் ஏறுகிறேன், இரவைக்குக் கொழும்பு என்றாய். வாப்பா, ‘எத்தின பொயின்ட் போன?’ என்று கேட்டார். நீ சொன்னாய். ‘நல்ல வில மகன்’ என்றார். அதுதான் அவர் உன்னிடம் கடைசியாகக் கதைத்த சொல். அந்தச் சொல்தான் உன்னைக் கொல்கிறது என்று சிபானா சொல்கிறாள். வாப்பா உன்னிடம் கடைசியாகச் சொன்னது ஒரு டிக்கட்டின் விலை என்று நீ நினைக்கிறாய்.

போனை வைத்த பிறகு நடந்ததைக் கேள். நஸீரைக் கூப்பிட்டு முகம் வழிக்கச் சொன்னார். ‘மகன் வாறான், நோயாளி மாதிரி இரிக்கக் கூடா’ என்றார். நஸீர் வழித்துவிட்டார். நான் ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துச் சட்டையை மாற்றினேன். கஞ்சி கொடுத்தேன், கோப்பை முழுவதையும் குடித்தார். உன் அறையில் மின்விசிறி சத்தம் போடுகிறது, பார்க்கச் சொல்லு என்றார். சனிக்கிழமை பாலமுனைப் பக்கம் ஆளனுப்பி நல்ல மீன் எடுக்கச் சொன்னார். பார்வையாளர் நேரம் முடிந்து நானும் சிபானாவும் வெளிக்கிடும்போது, பக்கத்துக் கட்டில்காரரோடு கதைத்துக்கொண்டிருந்தார். கை காட்டினார். அவ்வளவுதான் மகன்.

வெள்ளிக்கிழமை விடியச் சுபஹு தொழுதுவிட்டு நஸீர் உன்னை ஏற்றிவர வேனில் வெளிக்கிட்டார். அவர் அம்பாறை தாண்டுவதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. நஸீருக்கு நான்தான் சொன்னேன். அவர் வேனை ஓரத்தில் நிறுத்தினார். பிறகு, ‘மாமி, நான் கிறுகி வரட்டா, போகட்டா?’ என்று கேட்டார். திரும்பி வந்தால் அவருக்கு, அடக்க முந்தித் தொழுகிற ஜனாஸாத் தொழுகை கிடைக்கும். அவரும் வாப்பாவுக்கு ஒரு மகனைப் போலத்தான் இருந்தார். நான், ‘போங்க மருமகன், அவன் தனிய வந்து இறங்கி வேற ஆள்ட வாயால கேக்கக் கூடா’ என்றேன். அவர் போய்விட்டார். அன்றைக்கு வாப்பாவின் ஜனாஸாவைத் தவறவிட்ட மகன் நீ மட்டுமல்ல. அவர் அதை உன்னிடம் இதுவரைக்கும் சொல்லியிருக்க மாட்டார்.

அந்த நேரம் நீ ஆகாயத்தில் இருந்தாய். என் நெஞ்சில் நின்றது அதுதான். இங்கே குளிப்பாட்டுகிறார்கள், வெள்ளைத் துணியில் கபனிடுகிறார்கள், ஊர் முழுக்க வாசலில் நிற்கிறது. அங்கே என் பிள்ளை ஜன்னலோரம் இருந்து, வாப்பாவைக் கண்டதும் என்ன கதைப்பது என்று யோசித்துக்கொண்டு வருகிறான். என் கூடப்பிறந்த காக்கா வந்து, ‘தங்கச்சி, மகன் வரும்வரைக்கும் வெச்சிக்கொண்டிரிப்பமா?’ என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். தோஹாவில் கூட்டாளிமாரின் ஜனாஸாக்கள் கடதாசி வரும்வரை கிழமைக் கணக்கில் குளிர் அறையில் கிடந்ததை வாப்பா கண்டவர். தன்னை ஒருவருக்காகவும் ஒரு நேரத் தொழுகைக்கு மேல் பிந்த வைக்கக் கூடாது என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஜும்ஆத் தொழுகை முடிந்து, ஜனாஸாவும் தொழுவித்து அடக்கினார்கள்.

சனிக்கிழமை விடியவே வேன் வந்தது. நீ வீட்டுக்குள் வரவில்லை; நேரே வாப்பாவை அடக்கின மையவாடிக்குப் போய்விட்டாய். நான், புருஷனை இழந்தவள் இருக்கிற இத்தாவில், வெள்ளைச் சீலையோடு அறைக்குள் இருந்தேன். நீ வந்து என் மடியில் தலை வைத்தபோது உன் முழங்காலெல்லாம் மண். நீ ஒரு சொல்லும் கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை. அன்றைக்குக் கதைத்திருந்தால் இந்த மூன்று வருஷம் இப்படிப் போயிருக்காதோ என்று இப்போது யோசிக்கிறேன்.

நீ திரும்பிப் போய்ச் சில நாளில் ஒரு மனுசன் நம் வீட்டைத் தேடி வந்தார். சொறிக்கல்முனையில் வயல் செய்கிறவர். ஆஸ்பத்திரியில் வாப்பாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர். சுகமாகி வீட்டுக்குப் போய், கொஞ்சம் நடக்க முடிந்ததும், புது அரிசி ஒரு பையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். நான் உள்ளே இருந்து திரைக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தேன். சிபானாதான் கதைத்தாள்.

‘மகன் நிக்காரா புள்ள? அவரப் பாக்கத்தான் வந்தனான்’ என்றார்.

தன் நாநா மெல்பேர்னுக்குத் திரும்பிப் போய்விட்டார் என்று சிபானா சொன்னாள். அவர் அவளிடமே சொல்லத் தொடங்கினார்.

‘ஐயா அண்டைக்குப் பின்னேரம் முழுக்க அவரப் பத்தித்தான் கதைச்சவர். இப்ப பெட்டி கட்டுவான் எண்டார். காலையில விமானம் ஏறினா சிங்கப்பூரில இறங்குவான், அங்க தொழுறதுக்கு இடமிருக்கு, கால் கழுவவும் வசதி, ரெண்டு மணித்தியாலத்தால மற்ற விமானம் எண்டார். சிங்கப்பூருக்கு நான் போனதில்ல புள்ள, ஆனா ஐயா சொல்லச் சொல்ல நானும் அவரோட நடந்து போன மாதிரி இருந்திச்சி. எனக்கும் நெஞ்சு வருத்தம், பயத்தில கிடந்தனான். அந்தக் கதையக் கேட்டுக்கொண்டு கிடந்து கண்ணயந்திட்டன். விடிய எழும்பிப் பாத்தா, ஐயாட கட்டிலச் சுத்தித் திரை போட்டிருந்தாங்க.’

அரிசியை வைத்துவிட்டுத் தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டார். இதை நான் உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் நீ இன்னும் உடைந்துபோவாய் என்று பயந்தேன். இப்போது யோசித்தால், உனக்குத் தேவையாக இருந்ததே இந்த ஒரு செய்திதான் போலிருக்கிறது. புதன்கிழமை நீ காசுக்கு எடுத்திருந்தால் வியாழன் வந்து வாப்பாவின் முகத்தைக் கண்டிருப்பாய். ஓம், அது மெய்தான். அதை நான் பொய்யாக்க முடியாது, அந்தக் கவலை எனக்கும் மௌத்து வரைக்கும் இருக்கும். ஆனால் நீ பொயின்டைப் பார்த்துக்கொண்டு இருந்த அந்த நேரம் அவர் உன்னை எதிர்பார்த்து ஏமாந்து கிடந்தார் என்று மட்டும் நினைக்காதே. உன்னோடு சேர்ந்து சீட் தேடினார். உன்னோடு சிங்கப்பூர் வரைக்கும் வந்தார். மகன் வருகிறான் என்று பக்கத்தில் இருந்தவருக்கெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டுக்கொண்டே போனார். ‘நல்ல வில மகன்’ என்று அவர் சொன்னது, நீ வருகிறாய் என்ற சந்தோஷத்தை அவருக்குத் தெரிந்த பாஷையில் சொன்னது. வேறு பாஷையில் அந்த மனுசனுக்குக் கதைக்கத் தெரியாது என்று உனக்குத் தெரியாதா?

எனக்கும் வயது போகிறது. சீனி கூடிக் குறைகிறது, முழங்கால் மடிக்க முடியாமல் கதிரையில் இருந்துதான் தொழுகிறேன். ஒரு நாளைக்கு என்னைப் பற்றியும் உனக்கு அழைப்பு வரும். அன்றைக்குக் காசோ பொயின்டோ, கைக்கு எது முந்திக் கிடைக்கிறதோ அதில் ஏறி வா. வந்து சேர முடியாவிட்டால் அங்கேயே இருந்து இரண்டு றக்அத் தொழுது எனக்காகத் துஆக் கேள். என்னையும் பிந்த வைக்க வேண்டாம் என்று காக்காவிடமும் நஸீரிடமும் சொல்லிவிட்டேன். நீ வராத குறையை நான் கபுறுக்குக் கொண்டுபோக மாட்டேன். இதை நான் உயிரோடு, நல்ல புத்தியோடு இருக்கும்போதே உனக்கு எழுதித் தருகிறேன்.

இன்னொரு செய்தி. வாப்பாவின் கணக்கில் இருந்த பொயின்ட் அவரோடு போய்விட்டது என்று நீ நினைத்திருப்பாய். கம்பனிக்குக் கம்பனி சட்டம் வேறாம். சில இடத்தில் மௌத்தானால் எல்லாம் அழிந்துவிடுமாம். இந்தக் கம்பனிக்குச் சிபானா மரணச் சான்றிதழை அனுப்பி, விடாமல் எழுதி, அதை என் பெயருக்கு மாற்றி எடுத்திருக்கிறாள். பிள்ளையோடு சேர்த்து உங்கள் மூன்று பேருடைய கணக்கையும் இப்போதே ஒரு குடும்பக் கணக்காக்கி வை, பிறகு நஸ்ரினை இப்படி அலைய விடாதே. போன மாதம் எனக்கு விசா வந்தது. உனக்குச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் சிபானாவின் வாயைக் கட்டினேன். பிறகு நானும் அவளும் கணினிக்கு முன்னால் இருந்து தேடினோம். நல்ல நாளெல்லாம் நிறையப் பொயின்ட் கேட்டது. செவ்வாய், புதன் என்று நடுக் கிழமையைப் பார்த்ததும் குறைந்தது. கொழும்பிலிருந்து மெல்பேர்னுக்கு நேர் விமானத்தில், வருகிற மாதம், ஒரு சீட். வாப்பா சேர்த்ததில் வந்தது.

வருகிற வழிக்கு மட்டும்தான் போட்டிருக்கிறேன். அவ்வளவுக்குத்தான் காணும். விமானம் ஏறும்போது திரும்புகிற டிக்கட்டைக் கேட்டாலும் கேட்பார்களாம். அதனால் நான் வெளிக்கிட முந்தி, உன் பொயின்டின் காலம் முடிய முந்தி, நான் ஊருக்குத் திரும்பிப் போகிற டிக்கட்டை நீ போட வேண்டும். காசுக்கு எடுத்து அனுப்பினால் நான் வாங்க மாட்டேன், இதில் என்னோடு வாதாடாதே. அந்தப் பக்கத்தைத் திறந்து, முந்தி நீயும் வாப்பாவும் மேசையில் இருந்து தேடுவீர்களே, அப்படித் தேடு. நாளை நீயே முடிவு செய். எத்தனை நாள் நான் அங்கே இருக்க வேண்டும் என்று நினைக்கிறாயோ, அந்த நாளுக்குப் போடு. நாள் மாறினாலும் பயமில்லை. ரத்துச் செய்தால் சின்னக் கட்டணத்தோடு பொயின்ட் திரும்பி வரும் என்று வாப்பா சொல்லியிருக்கிறார்.

விமான நிலையத்தில் எனக்குச் சக்கர நாற்காலி கேட்டுப் பதிந்திருக்கிறாள் சிபானா, வழி தெரியாமல் நிற்கக் கூடாதென்று. கருவாடு, ஊறுகாய், மாசி மீன் ஒன்றும் உங்கள் நாட்டுக்குள் கொண்டுவர விடமாட்டார்களாம். அதனால் வெறுங்கையோடுதான் வருகிறேன். நஸ்ரினுக்கு ஸலாம் சொல். என் பேரன் ஸைதை நான் இன்னும் கையால் தொட்டதில்லை. வெள்ளைச் சீலை உடுத்த ஒரு கிழவி வந்து இறங்கினால் பிள்ளை பயந்துவிடும். நான் யாரென்று இன்றைக்கே அவனுக்குச் சொல்லி வை.

உன் உம்மா